மொட்டைக்குத் திறந்த கதவு

நான் மறதிக்காரன். மனைவியின் பிறந்தநாள், குடையை வைத்த இடம், பாதியில் மூடிய புத்தகத்தின் பக்கம் எதுவும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் யாராவது எனக்குக் கெடுதல் செய்தால் மட்டும் கிழமை, நேரம், அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், எதையும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன் என்று வாசகர்கள் நம்புகிறார்கள். சிரிப்பது உண்மை. போவதில்லை.

எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவர் விஷயத்தில் நான் அப்படிப் போகாமல் நின்றது ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவர் வாங்கி வைத்த கதவுக்கு வெளியே அவரே நிற்க வேண்டும். நான் உள்ளே இருந்து அதைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது பினாங்கின் ஆயர் ஈத்தாமில், கொடிமலைக்குக் கீழே. தலைவரும் நானும் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆசிரியர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற பொறுப்பு அவருடையது. நான் வாயே திறக்காத நாளிலும் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். கேட்டால், "நீ எப்படியும் பேசுவ" என்பார். ஒருவன் செய்யப்போகும் குற்றத்தை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளுக்கு இன்று உலகம் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறது. அவர் அதை எட்டு வயதில் இலவசமாகச் செய்தார்.

வளர்ந்த பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, சீக்கிரமே ஓய்வு பெற்று, செய்வதற்கு வேலை இல்லாமல் எங்களை நிர்வகிக்க வந்தார். அதுவரை "வாடா, போடா" என்றிருந்த நாங்கள் அன்றிலிருந்து "சார்" போட்டுப் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். எங்களுக்குள் மரியாதை எவ்வளவு கூடியதோ, பகையும் அவ்வளவு கூடியது.

முன்பு வாசலில் காவலுக்கு நேப்பாளத்து ஜாகா ஒருவர் இருந்தார். அவர் தூங்குவார் என்பது தலைவரின் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் அந்த மனிதர் அரைத்தூக்கத்திலும் ஆளை அடையாளம் கண்டு, காலால் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிடுவார். தலைவர் அவரை அனுப்பிவிட்டு முகம் பார்த்துத் திறக்கும் இயந்திரம் ஒன்றை வைத்தார். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய கம்பிச் சுழல் கதவு, அதன் தலையில் கேமரா, கேமராவுக்குள் ஒரு பெண் குரல்.

"இதுக்குச் செயற்கை நுண்ணறிவு இருக்கு," என்று கூட்டத்தில் அறிவித்தார். "நம்ம முகத்தப் பாத்துப் பாத்து அதுவே கத்துக்கும்."

கற்றுக்கொள்ளும் வகைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வாங்கியது கற்றுக்கொள்ளாத வகை.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கீழே மண்டபத்துக்கு வந்து முகத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு. "அன்னிக்குத்தான் எல்லாரும் களைச்சுப் போய் வீட்ல கெடப்பாங்க" என்பது அவர் கணக்கு. குழுவில் மற்றவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். அவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. இவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததற்குக் காரணம், இவர் மொட்டை போடுவதில்லை. ஐம்பத்தைந்து வயதிலும் தலை கொள்ளாத முடி, அதே அளவுக்கு மீசை, இரண்டுக்கும் வாரம் தவறாமல் கறுப்புச் சாயம்.

நான் வருடா வருடம் போடுகிறவன். இளமையில் நாத்திகப் புத்தகங்களை அலமாரி நிறைய வாங்கிப் படித்தவன்தான். இருந்தாலும் தைப்பூசம் வந்தால் விரதம் இருப்பேன், பால்குடம் எடுப்பேன், தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் அந்த அலமாரியிலிருந்து எந்தப் பதிலும் வருவதில்லை.

ஆக, எங்கள் அடுக்குமாடியின் தமிழ் ஆண்களில் பாதிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தது மொட்டைத் தலையோடு, மீசையில்லாமல், விரதத்தில் கன்னம் ஒட்டிப்போய். இரண்டு பேர் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. என் படம் திரையில் வந்தபோது மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நீங்க நல்லவரா தெரியறீங்க" என்றார்.

முதல் வாரம் கதவு என்னைப் பார்த்ததும் திறந்தது. "செலாமாட் டாத்தாங்" என்று வரவேற்றது. இரண்டாம் வாரம் கொஞ்சம் யோசித்துத் திறந்தது. ஒரு மாதத்தில் முடி வளர்ந்தது, மீசை வந்தது, ஆயர் ஈத்தாம் பாசாரின் சாப்பாட்டுக் கடைகள் தயவால் கன்னமும் வந்தது. அந்தப் பெண் குரல் மலாயில் மரியாதையாகச் சொன்னது: "முக்கா தீடாக் டிகெனாலி. சிலா சூபா லாகி." முகம் அடையாளம் தெரியவில்லை, மீண்டும் முயலவும். நான் முயன்றேன். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முயன்றேன். மீசையை உள்ளங்கையால் மறைத்து முயன்றேன். பின்னால் காத்திருந்த சீனப் பாட்டியம்மா ஒருவர் எனக்காகத் தன் கடவுளிடம் ஏதோ முணுமுணுத்தார்.

தலைவரைத் தேடிப் போனேன்.

"மறுபடியும் பதியணும் சார்."

"சிஸ்டத்த லாக் பண்ணியாச்சு சார். வருஷத்துக்கு ஒரு தடவதான் ஆள் வருவான்."

"அதுவரைக்கும் நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"மெஷின் மாறல சார். நீங்கதான் மாறிட்டீங்க."

"முடி வளர்றதெல்லாம் ஒரு மாற்றமா?"

"அப்ப மாசா மாசம் எடுத்துக்குங்க லா. உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று அவர் போட்டிருந்தது பச்சைக் கோடு போட்ட டீ-சட்டை.

வேறு வழி ஒன்று இருந்தது. வீட்டார் வேறொருவர் தன் கைபேசிச் செயலியில் நம்மை விருந்தாளியாகப் பதிந்தால் ஓர் எண் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கதவில் அழுத்தி நுழையலாம். தினமும் மாலை, பீச் ஸ்திரீட்டில் என் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது நான் மனைவிக்குச் செய்தி அனுப்புவேன். அவர் என்னை என் வீட்டுக்கு விருந்தாளியாகப் பதிவார். வருகையின் நோக்கம் என்ன என்று செயலி கேட்கும். உறவினர், பொருள் கொண்டுவருபவர், பழுது பார்ப்பவர், மற்றவை. மனைவி முதல் வாரம் "உறவினர்" என்று போட்டார். பிறகு "பொருள் கொண்டுவருபவர்" ஆக்கிவிட்டார்.

"ஏன்?" என்றேன்.

"வெண்டைக்காயும் தேங்காய்ப்பூவும் வாங்கிட்டு வர்றீங்க இல்ல? உறவினர்னு போட்டா எத்தன நாள் தங்குவார்னு கேக்குதுங்க."

மற்ற மொட்டைகள் இதற்குப் பழகிவிட்டார்கள். ஒருவர் மாதம் ஒரு முறை உண்மையிலேயே மழித்துக்கொண்டார். இன்னொருவர் தன் மொட்டைப் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் கேமராவிடம் காட்டினார். உயிருள்ள முகம்தான் வேண்டும் என்று அது மறுத்துவிட்டது. எனக்கு மட்டும் பழகவில்லை. அப்படியிருந்தும் அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல்தான். வன்மம் பிறந்தது ஒரு சனிக்கிழமை.

அன்று கோலாலம்பூரிலிருந்து மூன்று எழுத்தாளர்கள் வந்திருந்தார்கள். என் வீட்டில் சாப்பாடு. அதற்கு முன் அவர்களை லிட்டில் இந்தியாவில் கூட்டிக்கொண்டு நடந்தேன். துணிக்கடைக்காரர் ஒருவர் வணக்கம் சொன்னார், நாணய மாற்றுக் கடைக்காரர் கையை ஆட்டினார், தேநீர்க் கடையில் ஒருவர் என் கட்டுரையைப் பற்றிப் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பினாங்குல என்னைத் தெரியாதவங்க கிடையாது" என்று வண்டியில் சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு முறை சொன்னதும் நினைவிருக்கிறது.

மனைவி அனுப்பிய எண், என் புகழைக் கேட்டு முடிப்பதற்குள் காலாவதியாகியிருந்தது. அடுப்படியில் இருந்த அவர் கைபேசியை எடுக்கவில்லை. நான் கேமராவின் முன் போய் நின்றேன்.

"முக்கா தீடாக் டிகெனாலி."

மூவரும் நாகரிகமாகப் பூந்தொட்டியைப் பார்த்தார்கள். மூன்றாவது முறைக்கு மேல் இயந்திரம் கீச்சென்று ஒலி எழுப்பும். எழுப்பியது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் மெதுவோட்டம் முடிந்து, கழுத்தில் துண்டோடு வந்தார். கதவு அவரை "செலாமாட் டாத்தாங்" என்று அழைத்துக்கொண்டது. உள்ளே போய் நின்று திரும்பினார். வெளியே போவதற்கான பொத்தான் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஒரு விரலை நீட்டி, சுவரில் தானே ஒட்டிய அறிவிப்பைக் காட்டினார். அடையாளம் தெரியாத நபருக்குக் கதவைத் திறந்துவிடுகிறவருக்கு ஐம்பது வெள்ளி அபராதம்.

"ரூல்ஸ் சார்," என்றார். என் விருந்தாளிகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டார்.

கோலாலம்பூர்க்காரர்களில் மூத்தவர் என் தோளில் கை வைத்து, "விடுங்க, உள்ளூர்ல மதிக்க மாட்டாங்க" என்றார். அந்த ஆறுதலுக்காக நான் இன்னும் அவரையும் மன்னிக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவரை வெளியே நிறுத்துவது எப்படி என்பதையே மென்றுகொண்டிருந்தேன். வயரை அறுக்கலாம் என்றால் எனக்கு மின்சாரம் பயம். மொட்டைக் கடிதம் எழுதலாம் என்றால் என் நடை எல்லாருக்கும் தெரியும் (இப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம்). இயந்திரத்தை ஏமாற்றும் வழிகளைப் பற்றி நிறையப் படித்தேன். படித்தவரை ஒன்றுதான் புரிந்தது: இந்த வகை இயந்திரத்துக்கு மனிதன் என்றால் ஒரு தேதியில் இருந்த முகம், அவ்வளவுதான். அந்தத் தேதியில் அவருடைய முகத்தில் இருந்தது முடியும் மீசையும். அவை இரண்டும் போக வேண்டும்.

போக வைப்பது யார்?

வழியைக் கொண்டுவந்தவர் மனைவி. கொண்டுவருகிறோம் என்று தெரியாமல் கொண்டுவந்தார். கார்த்திகை மாதம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "தலைவர் வீட்டு அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கான். சிம்பாங் அம்பாட்ல இருக்கிற பொண்ணுக்கு" என்றார். "ஆறு வருஷமா இல்லாம இருந்து பிறந்த பிள்ள. பாவம், எவ்வளவு வேண்டிக்கிட்டாங்க. குழந்த நல்லபடியா பிறந்தா இவர் முடியக் குடுக்கறதா முருகன்கிட்ட அக்கா வேண்டிக்கிட்டாங்களாம்."

நான் நாளிதழைக் கீழே வைத்தேன். "யார் முடிய?"

"தலைவர் முடியத்தான். அவர் என்னடான்னா, வேண்டிக்கிட்டது நீ, அதனால நீயே போடுங்கறாராம். அக்கா அழறாங்க."

"வேண்டுதல் பெரிய விஷயம்," என்றேன். என் குரலில் இருந்த பக்தியைக் கேட்டு மனைவி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

எங்கள் அடுக்குமாடித் தமிழர்கள் சேர்ந்து தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். மோர், ரோஸ் சர்பத், கொண்டைக்கடலை. அதுவரை அந்தப் பந்தலுக்கு என் பங்களிப்பு சர்பத்தைக் குடிப்பதோடு சரி. இந்த முறை நானே போய், மைக்கில் அறிவிப்புச் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கினேன். எழுத்தாளன் என்பதால் உடனே கொடுத்தார்கள். காணாமல் போன குழந்தைகள், கண்டெடுத்த கார்ச் சாவிகள், வழிவிடும்படி வேண்டுகோள். காலை ஏழு மணியிலிருந்து பொறுமையாக அறிவித்தேன். தலைவர் மஞ்சள் சட்டையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, மகள், கைக்குழந்தையோடு மருமகன் எல்லாரும் பந்தலுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பக்தகோடிகளே, ஒரு மகிழ்ச்சியான செய்தி. நம்ம அடுக்குமாடித் தலைவர், ஆறு வருஷத்துக்கு அப்புறம் பேரன் பிறந்த சந்தோஷத்துல, குடும்பத்தார் வேண்டிக்கிட்டபடி, இன்னும் சற்று நேரத்தில் முருகப்பெருமானுக்கு முடிக் காணிக்கை செலுத்துகிறார். முழு முடி!"

"வேல் வேல்!" என்று சாலையே திருப்பிக் கத்தியது. யார் என்று தெரியாமலே பத்துப் பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் மனைவி தலைக்கு மேல் கைகூப்பி, கண்ணீரோடு நின்றார். தலைவர் சாய்த்த குவளையிலிருந்து மோர் ஒரு பக்தரின் பாதத்தில் வழிந்துகொண்டே இருந்தது. அந்த பக்தர் அதையும் அபிஷேகமாக எடுத்துக்கொண்டார்.

தலைவர் நேராக என்னிடம் வந்தார். "யார்டா உன்னக் கேட்டா?"

பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த "டா". இனித்தது.

"வேண்டிக்கிட்டது உங்க வீட்டம்மா சார். நான் வெறும் மைக்கு."

முடி எடுக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவர் ஒன்றில் உட்கார, நான் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அன்று முடி எடுக்கும் நாள்தானே. கறுப்பு முடி கொத்துக் கொத்தாக அவர் மடியில் விழுந்தது. உள்ளே சாயம் ஏறாத வெள்ளை வேர். முடி எடுப்பவர் கத்தியை நிறுத்திக் கேட்டார்.

"மீசையும் எடுக்கவாண்ணே?"

"மீசை வேணாம்."

"வேண்டுதல்ல பாதி கிடையாதுண்ணே, முழுசா எடுங்க," என்றேன், என் தலையைக் கத்திக்குக் கொடுத்தபடியே.

"ஆமாண்ணே, முழுசா," என்றார் பின்னால் நின்ற தலைவரின் மனைவி.

மீசை இல்லாத அவர் முகத்தை நான் முன்பு பார்த்தது கரும்பலகைக் காலத்தில். மேலுதடு அப்படியே இருந்தது.

அதன்பிறகு நான் சாமி கும்பிட்டேனா என்று கேட்காதீர்கள். பால்குடத்தை அவசரமாக இறக்கிவிட்டு, மனைவியைப் பந்தலில் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, பேருந்து பிடித்து ஆயர் ஈத்தாமுக்கு ஓடினேன். கதவின் முன் என் மொட்டையை நீட்டினேன். "செலாமாட் டாத்தாங்" என்றது அந்தக் குரல், பத்து மாதமாக ஒன்றுமே நடக்காததுபோல. உள்ளே ஜாகா விட்டுப்போன நாற்காலி ஓரமாகக் கிடந்தது. அதை நிழலில் இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் மனைவி பேரனோடு மருமகன் காரில் சிம்பாங் அம்பாட் போவதாகப் பந்தலிலேயே காதில் விழுந்திருந்தது. அவர் தனியாகத்தான் வருவார்.

வந்தார். உச்சி வெயில். காலில் செருப்பில்லை. தைப்பூசக் கூட்டத்தில் செருப்பு காணாமல் போவது சாதாரணம். இதை நான் செய்யவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த யோசனை வராமல் போனதில் வருத்தம்கூட உண்டு.

கேமராவின் முன் நின்றார்.

"முக்கா தீடாக் டிகெனாலி."

நகர்ந்து நின்றார். நிமிர்ந்தார். மேலுதட்டின் மேல் விரலை வைத்து மீசைபோல் காட்டினார். அந்த உபாயத்தைத் தலைகீழாக நான் பத்து மாதங்களுக்கு முன்பே செய்து பார்த்தவன். மூன்றாவது முறை இயந்திரம் கீச்சிட்டது. தார்ச்சாலைச் சூட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். எனக்கும் பொத்தானுக்கும் இடையில் இரண்டடி. அறிவிப்பைக் காட்டுவதற்காக விரலை மடக்கித் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

அவர் கேட்கவில்லை. மனைவிக்கு அழைத்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை. பேரனைக் கொஞ்சுகிற கைக்குக் கைபேசி எதற்கு? பிறகு இயந்திரத்தை விற்ற நிறுவனத்துக்கு அழைத்தார். அங்கேயும் ஒரு பெண் குரல். நிறுத்தி நிறுத்தி, அன்பாகப் பேசியது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. உங்கள் விண்ணப்பத்துக்கு உதவுகிறேன், அதற்கு முன் நீங்கள்தான் என்று உறுதி செய்ய வேண்டும், கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள் என்றது. பிடித்தார். மன்னிக்கவும், உங்களை அடையாளம் காண முடியவில்லை என்றது.

"நான் சேர்மன்!" என்று கத்தினார். "இந்த மெஷின வாங்கினதே நான்!"

நன்றி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது கிடையாது. இடையில் எங்கள் மொட்டைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரைப் பார்த்தார்கள், அறிவிப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கதவு ஒவ்வொருவருக்கும் திறந்தது. ஒருவர் மட்டும் உள்ளே வந்தபிறகு திரும்பி, "பாருங்க சேர்மன், ஐம்பது வெள்ளிங்கறாங்க" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குப் போனார். தலைவர் எதிரே கல்லில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். எனக்குப் பசித்தது. விரதம் முடித்துச் சாப்பிட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்காமல் நான் எழுந்து போனால் தோற்றது யார்? உட்கார்ந்தே இருந்தேன்.

கடைசியில் மோர்ப் பானையோடு என் மனைவி வந்தார். தலைவரைப் பார்த்தார், கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா?" என்று என்னைக் கேட்டார்.

"ரூல்ஸ்," என்றேன்.

"ஐயே, கால் கொப்பளிச்சிருக்கு லா. வாங்கண்ணே." தன் முகத்தைக் காட்டிக் கதவு திறந்ததும், தலைவரை முன்னால் தள்ளி, பானையையும் தன்னையும் பின்னால் நுழைத்து, ஒருவர் மட்டுமே போகும் வழியில் மூன்றையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். தலைவர் என்னைக் கடந்து போனார். மனைவியைப் பார்த்து மட்டும், "நன்றிமா" என்றார்.

மூன்றாம் நாள் எங்கள் கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. தைப்பூசத்தன்று பிற்பகல், அடையாளம் தெரியாத நபர் ஒருவரைக் கட்டடத்துக்குள் அனுமதித்த குற்றத்துக்காக எங்கள் வீட்டுக்கு ஐம்பது வெள்ளி அபராதம். கீழே அவர் கையெழுத்து.

இரண்டு முறை படித்தேன். அவரை உள்ளே விட்டதற்கு அவரே போட்ட அபராதம். ஒரு கணம் அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு தொழில்முறை மரியாதைகூட வந்தது. இந்த வாக்கியத்தை நகைச்சுவைக்காரன் நான் எழுதியிருக்க வேண்டும். மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டிட்டு வாங்க" என்றார். "நான் பாத்திரம் கழுவினப்ப நீங்க செஞ்ச வேலைக்கு அது குறைவுதான்."

ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த இயந்திரத்தைக் கழற்றி எறிய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். மொட்டைகள் எல்லாரும் எனக்குக் கை தூக்குவார்கள் என்று நம்பினேன். ஒருவரும் தூக்கவில்லை. இது வந்த பிறகு மோட்டார் சைக்கிள் எதுவும் திருடு போகவில்லையாம். பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்று செயலியில் பார்க்க முடிகிறதாம். எனக்குக் கை தூக்கியவர்கள் இரண்டே பேர்: நானும், ஒரு சீனப் பெரியவரும். அவர் மின்விசிறியைச் சுழற்றச் சொல்லித்தான் கை தூக்கினார் என்று பிறகு தெரிந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: எல்லாருக்கும் மறுபதிவு. தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கும் அது தேவைப்பட்டதே. மீசை பாதி வளரும்வரை பொறுத்து நாள் குறித்தார்.

மறுபதிவு அன்று மண்டபத்தில் என் முறை வந்தது. மடிக்கணினிக்குப் பின்னால் நிறுவனத்துப் பெண், அவள் தோளுக்குப் பின்னால் தலைவர்.

"அங்கிள், முகத்தச் சாதாரணமா வெச்சுக்குங்க," என்றாள் அந்தப் பெண்.

"தலைய நிமித்துங்க சார்," என்றார் அவர். "கண்ண நல்லாத் தெறங்க. கொஞ்சம் இந்தப் பக்கம். எப்பவும் ஆடிக்கிட்டே இருப்பாரு, சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

நான் ஆடாமல் அவரையே பார்த்தேன். அந்தக் கணத்தில் படம் பதிந்தது.

பிரச்சினை தெரிய ஒரு வாரம் ஆனது. களைத்துப்போய் வந்தால் கதவு திறக்காது. பழைய நண்பரோடு பேசிச் சிரித்தபடி வந்தால் திறக்காது. அலுவலகத்தில் யாரையாவது திட்டிவிட்டு வந்த நாளில் சட்டென்று திறக்கும். நெற்றி சுருங்கி, பல் கடித்து, கண் இடுங்கியிருக்கும் ஒருவனைத்தான் அதற்குத் தெரியும். மூன்றாம் முறை பதிய வேண்டுமென்றால், காரணம் எழுதித் தலைவரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கப்போவதில்லை.

போன மாதம் மனைவியின் தங்கை மகள் கல்யாணம். மண்டபத்தில் இரண்டு கிண்ணம் பாயசம், பழைய சிநேகிதர்கள், நல்ல நாதஸ்வரம். நிறைந்த மனதோடு வீடு திரும்பினோம். மனைவி உள்ளே போய்விட்டார். எனக்கு, "முக்கா தீடாக் டிகெனாலி."

முகத்தைக் கடுமையாக்கிப் பார்த்தேன். பாயசம் விடவில்லை.

"நடிக்காதீங்க, அதுக்குத் தெரியும்," என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி சொன்னார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "சீக்கிரம் அவர நெனச்சுக்குங்க. எனக்குக் காலு வலிக்குது."

கண்ணை மூடிக்கொண்டேன். காலையில் லிஃப்ட்டில் பார்த்த அவருடைய மீசை நினைவுக்கு வந்தது. முழுதாக வளர்ந்து, புதிதாகச் சாயம் அடித்து, முன்பைவிட அடர்த்தியாக இருந்தது.

உடனே திறந்தது.